ஹுத்ஹுத் பறவைக்குக் கிடைத்த விசாரணை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, வாரக் கூலி கொடுக்கும் நேரத்தில், எங்கள் குடும்பக் கடையில் வேலை செய்த ஒரு பெண்மணியைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினோம். அந்தச் சொல்லை வாயால் சொன்னவர் கணக்குப்பிள்ளை. ஆயினும் அவர் சொன்னபோது கல்லாவில் அமர்ந்திருந்தவர்கள் நாங்கள். மறுத்து ஒரு வார்த்தை பேசாதவர்களும் நாங்களே. ஆகவே 'அனுப்பினோம்' என்று எழுதுவதே நேர்மை.

போடிநாயக்கனூரின் தொழிலை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஏலமலைத் தோட்டங்களில் பறிக்கப்படும் பச்சைக் காய் அங்கேயே உலர்கூடத்தில் காய வைக்கப்படுகிறது. மலையில் அந்தக் கட்டடத்தை 'ஸ்டோர்' என்பார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். பிறகு அது போடியிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்கு வருகிறது. ஏலம் எடுத்த காயைச் சலித்து, காம்பும் வெடித்த காயும் நீக்கி, நிறம் பார்த்து, பருமன் வாரியாகப் பிரிக்கும் வேலை போடியின் காய்க் கடைகளில் நடக்கிறது. எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை. அந்த வேலையைத் தரையில் வரிசையாக அமர்ந்து செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம் கடைகளில் அமர்ந்திருக்கும் அவர்களில் பலர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் தலைமுறைகளாக நம் வீட்டு நல்லது கெட்டதுகளில் நிற்பவர்கள்.

அந்தப் பெண்மணி பிரித்த மூட்டை, உள்ளே வந்த எடையைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் இரண்டு நாள் தாமதமாக வந்ததற்காக அவர் பெயர் ஏற்கெனவே குறிப்பேட்டில் ஏறியிருந்தது. தாமதமாக வருகிறவர் திருடவும் செய்வார் என்று மனம் எவ்வளவு எளிதாக ஒரு பாலம் கட்டிவிடுகிறது! முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் முந்தானையை உதறிக் காட்டினார். அதற்குப் பிறகும் நாங்கள் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே தோட்டத்துக் காயின் மற்ற மூட்டைகளை வேறு பெண்கள் பிரித்தபோது, அவற்றிலும் கிட்டத்தட்ட அதே குறைவு வந்தது. எங்கள் தம்பி ஒருவர் முதன்முறையாகக் கழிவையும் தராசில் வைத்தார். காம்பு, தூசி, பிளந்த காய் எல்லாம் சேர்ந்து பெரும்பகுதிக் கணக்கு நேராகிவிட்டது. மீதி, அந்தக் காய் மலையில் சரியாக உலராமல் வந்து கடையில் ஈரம் இழந்த எடை. காய் வியாபாரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த செய்தி இது. தெரிந்திருந்தும் அந்தச் சனிக்கிழமை அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

பணியாளர் ஒழுங்கு என்ற பேச்சு நம் வியாபாரக் குடும்பங்களில் எழும்போதெல்லாம், 'இந்தக் காலத்தில் ஆள் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் சொன்னபடி கேட்பதில்லை' என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஒழுங்கு என்பது அவர்கள்மீது நாம் வைக்கும் ஒன்றாகவே கருதப்படுகிறது. தண்டிக்கிறவர்மீதும் ஓர் ஒழுங்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. மார்க்கம் அதைப் பேசுகிறது. நாட்டின் சட்டமும் பேசுகிறது.

திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். எறும்பின் பேச்சும் பல்கீஸ் அரசியின் சிம்மாசனமும் மதரஸா வகுப்பில் நம்மை மயக்கியவை. முதலாளியாகி அமர்ந்த பின் அதே வசனங்களை மீண்டும் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது: வேலைக்கு வராத ஒரு பணியாளரைப் பற்றிய விசாரணை அது. மனிதர், ஜின், பறவை அனைத்தும் அவருடைய படையில் உண்டு. ஒரு நாள் பறவைகளைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் இல்லை. அவர் எழுப்பிய முதல் கேள்வியே தம்மை நோக்கியது. என் கண்ணுக்குத்தான் அது படவில்லையா, அல்லது அது வராமலேயே இருக்கிறதா என்ற பொருளில் 20-ஆவது வசனம் அமைந்திருக்கிறது. அடுத்த வசனத்தில் கடுமையான தண்டனையை அறிவிக்கிறார். ஆனால் தெளிவான காரணத்தை அது கொண்டுவந்தால் தண்டனை இல்லை என்ற விலக்கையும் அதே மூச்சில் சேர்க்கிறார். விலக்கு பிறகு மனமிரங்கிச் சேர்த்ததன்று, அறிவிப்பிலேயே இருக்கிறது.

பறவை வருகிறது. தங்களுக்குத் தெரியாத ஒரு செய்தியை நான் அறிந்து வந்திருக்கிறேன் என்று அரசரின் முகத்துக்கு நேராகச் சொல்கிறது. நம் கடையில் ஒரு பெண் இப்படிச் சொல்லியிருந்தால் 'வாய் நீளம்' என்று அதற்கும் தனியாக ஒரு குற்றம் எழுதியிருப்போம். சுலைமான் (அலை) அவர்கள் சினக்கவில்லை. உடனே நம்பிவிடவும் இல்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்ற கருத்தில் ஒரு மடலைக் கொடுத்தனுப்பி ஸபா நாட்டுச் செய்தியைச் சோதிக்கிறார். காற்று வசப்படுத்தப்பட்ட ஒரு நபி, ஒரு சிறு பறவையின் விளக்கத்தைக் கேட்கவும் சோதிக்கவும் நேரம் ஒதுக்கினார். ஒரு மூட்டையின் கழிவை நிறுத்துப் பார்க்க எங்களுக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் வராத பணியாளர் பற்றிய ஒரு வழக்கை 1993-ஆம் ஆண்டு மே மாதம் தீர்த்தது. டி.கே. யாதவ் என்ற தொழிலாளி 1980 டிசம்பர் 3 முதல் எட்டு நாளுக்கு மேல் வேலைக்கு வரவில்லை. ஆகவே நிலையாணைப்படி அவர் வேலை தானாகவே போய்விட்டது என்றது ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் நிர்வாகம். அவர் சொன்னதோ முற்றிலும் வேறு: நாள்தோறும் வாசலுக்கு வந்தேன், என்னை உள்ளே விடவில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடவும் விடவில்லை. இரண்டில் எது உண்மை என்று விசாரிக்கும் முன்பே வேலை போய்விட்டது. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, பாதி நிலுவைச் சம்பளத்துடன் அவரை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட்டது. நம் கடைகளுக்கு நேரடியாகப் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் 1947 முதல் இதைத்தான் சொல்லி வருகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41-ஆவது பிரிவு. முறைகேடு காரணம் என்றால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எங்கள் கடையில் அந்தப் பெண்மணிக்கு ஒன்பது ஆண்டுப் பணி. பதிவு செய்த சாட்சியம், கணக்குப்பிள்ளையின் குரல் ஒன்றே.

தாமதத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம்மில் தோட்டம் வைத்திருப்போர் பலர். விடியுமுன் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்பதை நாம் பார்க்கிறோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, அதன் பிறகு பூப்பாறை, சாந்தன்பாறை, இன்னும் உள்ளே. ஜீப்பின் நேரத்தைத் தீர்மானிப்பவர் ஓட்டுநர். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் தீர்மானிப்பவர் அல்லாஹ் ஒருவனே. இதில் எந்தக் கட்டத்திலும் கூடையைத் தோளில் மாட்டிய பெண்ணுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் தோட்டத்து வாசலில் அரை மணி தாமதத்திற்கு அரை நாள் கூலி பிடிக்கப்படும்போது, அது அவருடைய சேலை முடிச்சிலிருந்துதான் போகிறது.

வராத நேரத்துக்குக் கூலி இல்லை என்பது நியாயம். வந்து உழைத்த நேரத்துக்கும் கூலி இல்லை என்பது எந்தக் கணக்கு? இங்கும் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும், வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது என்றே இருக்கிறது. அபராதத்துக்கும் வரம்பு உண்டு. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். விதிக்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும். தொகை அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய் பெறுபவரிடம் 300 ரூபாய், அவ்வளவுதான். தவணையாகவும் பிடிக்கக் கூடாது. 90 நாள் கடந்தும் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்தப் பணம் முதலாளியுடையதன்று. பதிவேட்டில் எழுதி, தொழிலாளர் நலனுக்கே அதைச் செலவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது நாங்கள் வெட்கப்பட்டோம். எங்கள் குறிப்பேட்டில் பிடித்த பணமெல்லாம் எங்கே போனது என்று தேடினால் எங்கும் இல்லை, கல்லாவில் கலந்துவிட்டது. அந்தக் கல்லாவிலிருந்துதான் நாங்கள் ஸக்காத் கணக்குப் பார்த்தோம், குர்பானிக்கு ஆடு வாங்கினோம், பள்ளிவாசல் கட்டட நிதிக்கும் எழுதினோம்.

ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். நம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தண்டனையாகப் பணம் பறிப்பதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதிக்கவில்லை. இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் அனுமதித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அதற்கும் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தந்த விளக்கம், அந்தப் பணத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, அவர் திருந்திய பின் திருப்பிக் கொடுப்பதே தவிர, எடுத்துக்கொள்வதன்று என்பதாகும். நாள் கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் கையில் இருக்கும் நம் பொருள் அமானிதம்; அவருடைய அத்துமீறலோ அலட்சியமோ இன்றிக் கெட்டுப்போனால் அவர் ஈடு கட்டத் தேவையில்லை என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். உலர்கூடத்தில் வெப்பம் கூடிக் காயின் பச்சை நிறம் போய்விட்டால், காவலிருந்தவர் தூங்கினாரா, இல்லை கருவி பழுதா என்று பாராமல் நஷ்டத்தை அவர் கணக்கில் எழுதுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியை நிறைவாகத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த வழக்கில் எந்த வழக்கறிஞரை நாம் அமர்த்துவோம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்கிறார்கள். ஹாத்திப் என்பவருடைய அடிமைகள், முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். குற்றம் மெய், தண்டனைக்கும் ஆணை பிறந்துவிட்டது. அப்போது உமர் (ரலி) அவர்கள் ஹாத்திபை நோக்கித் திரும்பினார்கள்: இவர்களை நீர் பட்டினி போடுகிறீர் என்று எண்ணுகிறேன் என்றார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம். அதற்குப் பதிலாக 800 திர்ஹத்தை உடையவருக்குக் கொடுக்குமாறு ஹாத்திபுக்கே ஆணை வந்தது. (விலையை இரட்டிப்பாக்கியது தம் ஊர் நடைமுறையில் இல்லை என்பதையும் இமாம் மாலிக் அங்கேயே குறிப்பிடுகிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது தொகையை அன்று. பார்வை திரும்பிய திசையை.) முன்பணம் கேட்டு மூன்று முறை கல்லாவுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிய ஓர் ஆள் நான்காம் முறை தவறு செய்தால், அந்த மூன்று முறையும் விசாரணையில் சேர வேண்டும்.

நம் கடைகளில் ஒழுங்கைக் கெடுப்பவர் யார் என்று பணியாளரிடம் தனியே கேட்டால், அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலாளியின் உறவினர். மச்சான் மகன் பதினொரு மணிக்கு வருவார், கைபேசியில் கிரிக்கெட் பார்ப்பார், ஜும்ஆவுக்கென்று பன்னிரண்டுக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவார். அவர் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறாது. மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது அவளுடைய குலப்பெருமைக்காகப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்களின் முகமே மாறிவிட்டது. தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றே என்று அறிவித்தார்கள். இந்த ஹதீஸைக் குத்பாவில் கேட்டுக் கண் கலங்கிவிட்டுக் கடைக்குத் திரும்பி மச்சான் மகனுக்குத் தேநீர் வரவழைக்கிறோம்.

இவ்வளவும் எழுதியதால், பணியாளர் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். பிஞ்சைப் பறித்துக் கூடையின் எடையைக் கூட்டுகிறவர் தோட்டத்துக்கும் துரோகம் செய்கிறார், முற்றிய காயை மட்டும் தேடிப் பறிக்கும் பக்கத்து ஆளுக்கும் துரோகம் செய்கிறார். அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் 83-ஆம் அத்தியாயம் தராசு வைத்திருப்பவருக்கு மட்டும் இறங்கியதன்று. முழுக் கூலி பெற்றுக்கொண்டு முக்கால் நேரம் உழைப்பவரும் தம்மை அதில் பார்க்கலாம். உண்மையான திருட்டைக் கண்டும் கண்டிக்காமல் விட்டால், நேர்மையாக இருக்கும் இருபது பேரின் மனம் உடைகிறது. அதுவும் அநீதிதான்.

ஆனால் கண்டிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அவ்வளவு காலத்திலும் ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று ஒரு முறைகூடக் கடிந்து கேட்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். அந்த உயரம் நமக்கு எட்டாது, ஒப்புக்கொள்வோம். எட்டக்கூடிய ஒன்று, முப்பது பேர் முன்னால் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்வது. எங்கள் கடையில் இப்போது தவறு நடந்தால் முதலில் தனியே கேட்கிறோம். அவர் சொல்வதை எழுதி, அவருக்கே படித்துக் காட்டுகிறோம். அவர் விரும்பினால், உடன் வேலை செய்யும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். குற்றம் சுமத்திய கணக்குப்பிள்ளையே தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு நாளாவது கடந்த பிறகே முடிவு சொல்கிறோம். கோபத்தில் எடுத்த முடிவும் மறுநாள் சுப்ஹுக்குப் பிறகு எடுத்த முடிவும் ஒன்றாக இருந்ததே இல்லை என்பது எங்கள் அனுபவம். அபராதக் குறிப்பேட்டை எடுத்துவிட்டோம். ஒழுங்கு குலைந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். குலையவில்லை, ஓரிருவர் துணிந்து தாமதமாக வந்தார்கள் என்பதும் உண்மை, அவர்களோடு இன்றும் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

விடுமுறையிலும் ஒன்றைக் கற்றோம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நாட்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்கு ஆண்டுதோறும் நாங்கள் ஆச்சரியப்பட்டு, ஆண்டுதோறும் கூலி பிடித்தோம். நம் பெருநாளுக்குக் கடை அடைப்பதை அவர்கள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. இப்போது பங்குனியிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

அந்தப் பெண்மணியின் வீட்டைத் தேடிப் போனோம். கணக்குப்பிள்ளையும் வந்தார், வர மறுப்பார் என்றுதான் நினைத்திருந்தோம். பிடித்துவைத்த கூலியையும் முன்னறிவிப்புக் காலச் சம்பளத்தையும் அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். மீண்டும் வேலைக்கு அழைத்தோம்.

"மலைக்குப் போறேன் பாய். சீக்கிரம் எந்திரிக்கணும், அவ்வளவுதான். கூலி கூட வருது" என்றார்.

மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு எல்லாரு முன்னாலயும்தான சொன்னீங்க? இத இங்க வந்து சொன்னா எனக்கு மட்டும்தான தெரியும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை, கூலி கொடுக்கும் நேரத்திற்குச் சற்று முன்பாக அவர் வந்து கடை வாசலிலேயே நின்றார்; உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பெண்கள் சல்லடைகளை நிறுத்தினார்கள். கழிவை நிறுக்காமல் விட்டது எங்கள் தவறு, இந்த அம்மா எதையும் எடுக்கவில்லை என்று எங்கள் மூத்தவர் எழுந்து நின்று சொன்னார். அவர் கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டு, வரிசையில் இருந்த பழைய தோழி ஒருத்தியிடம் மட்டும் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, பேருந்து நிலையம் இருக்கும் பக்கம் நடந்து போனார்.